லீட்ஸ் குளிருக்கு ஒரு கோட்டு, கையில் 40 பவுண்டு: பழைய துணிக்கடையில் எப்படித் தேடுவது?

முத்துநகர் | செப்டம்பர் 28

வணக்கம். தூத்துக்குடியிலிருந்து முதுகலை படிக்க இங்கிலாந்தின் லீட்ஸுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. இதுவரை நான் உடுத்திய ஒரே கம்பளித் துணி, பள்ளிச் சுற்றுலாவில் கொடைக்கானலில் வாங்கிய மங்கி குல்லா. இங்கே செப்டம்பர் முடியும் முன்பே காலை எட்டு மணிக்குப் பற்கள் தந்தி அடிக்கின்றன. நல்ல கோட்டு புதிதாக வாங்கினால் 120 பவுண்டு. வாடகையும் பஸ் அட்டையும் போக இந்த மாதம் என்னிடம் மிச்சம் 40.

உடன் தங்கியிருப்பவர், தானமாக வந்த பழைய பொருட்களை விற்கும் சாரிட்டி கடைகளுக்குப் போகச் சொன்னார். நேற்று ஹெடிங்லியில் மூன்று கடை ஏறி இறங்கினேன். கம்பி முழுக்கத் துணி. எது நல்லது, எது குப்பை என்று பிடிபடாமல் வெறுங்கையோடு திரும்பினேன். இதை அம்மாவிடம் போனில் சொன்னதுதான் பெரிய தப்பு. "செத்தவன் துணியாக இருக்கும், தொடாதே" என்று ஒரே பிடியாக நிற்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: எப்படித் தேடுவது? அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது?

வடமராட்சிக்காரி | செப்டம்பர் 28

தம்பி, நான் லண்டன் ஹாரோவில் அப்படியொரு கடையில் பதினொரு வருடமாகச் சம்பளமில்லாமல் வேலை செய்கிறேன். பின் அறையில் பைகளைப் பிரிப்பதுதான் என் பொறுப்பு. முதலில் அம்மாவுக்கு உரிய பதில்: ஆம், இறந்தவர்களின் உடுப்பும் வரும். வீட்டைக் காலி செய்யும் பிள்ளைகள் அலுமாரியை அப்படியே வழித்துக் கொண்டுவந்து தருவார்கள். சொல்லப்போனால் அசல் கம்பளிக் கோட்டுகள் பெரும்பாலும் அந்தப் பைகளில்தான் இருக்கும். உயிரோடு இருப்பவர் நல்ல கோட்டை யாருக்கும் கொடுப்பதில்லை. இதை அம்மாவிடம் சொல்லாமல் விடுவது உன் கெட்டித்தனம்.

உள்ளே நடப்பது இதுதான். பையைக் கொட்டுவோம். கறை, கிழிசல், நாற்றம் உள்ளவை ஒரு மூட்டைக்குப் போகும். மற்றவற்றை ஆவியால் நீவி, விலை அட்டை மாட்டி வெளியே தொங்கவிடுவோம். அட்டையில் வாரத்துக்கான குறி ஒன்று இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் விற்காவிட்டால் கழற்றி வேறு கிளைக்கு அனுப்புவோம், அங்கும் போகாவிட்டால் கிலோ கணக்கில் பழந்துணி வியாபாரிக்குப் போய்விடும். ஆகையால் ஒரே நாள் மூன்று மணி நேரம் தேடுவதைவிட, வழியில் உள்ள ஒரே கடைக்கு வாரம் இரண்டு முறை பத்து நிமிடம் போவது மேல். எந்த நாளில் புதிதாகத் தொங்கவிடுகிறார்கள் என்று கல்லாவில் நிற்பவரிடம் கேள். மறைக்க மாட்டார்கள். பெரும்பாலும் என்னைப் போன்ற ஓய்வுபெற்ற பெண்கள்தான் நிற்பார்கள். யாராவது பேச்சுக் கொடுத்தால் எங்களுக்குச் சந்தோஷம்.

செக்கிங் மேசை | செப்டம்பர் 29

திருப்பூரில் பனியன் கம்பெனியில் 14 வருடம் செக்கிங்கில் நின்றவன் நான். இப்போது லெஸ்டரில் இருக்கிறேன். நம் ஊரிலிருந்து கப்பலேறிய டீ-சர்ட்டை இங்கே யாரோ உடுத்திக் களைந்து, அது 3 பவுண்டு அட்டையோடு தொங்குவதைப் பார்க்கும்போது, படிக்கவைத்த பையனை அயலூர்ச் சந்தையில் பார்த்த வாத்தியாரைப் போல ஆகிவிடுகிறேன்.

தம்பி, கம்பி முன் நின்று கண்ணால் தேடியதுதான் நீ செய்த தவறு. கண் நிறத்தைப் பார்த்து ஏமாறும். கையை விடு. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒவ்வொரு துணியின் கையையும் விரலால் தடவிக்கொண்டே நட. கம்பளி சற்றுப் பிடித்து நிற்கும், லினன் குளிர்ந்திருக்கும், பாலியெஸ்டர் வழுக்கிக்கொண்டு போகும். விரல் நின்ற இடத்தில் மட்டும் துணியை வெளியே எடு. நூறு உருப்படி தொங்கும் கம்பி இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

எடுத்ததும் கழுத்திலுள்ள கம்பெனிப் பெயரைப் பார்க்காதே. பக்கவாட்டுத் தையலின் உள்பக்கம் ஒரு சின்ன வெள்ளைப் பட்டை இருக்கும், என்ன நூல் எத்தனை சதவீதம் என்று. கோட்டில் கம்பளி 70, 80 சதவீதம் இருந்து மீதி நைலான் என்றால் தயங்காதே, அந்த நைலான் உழைப்பதற்காகச் சேர்த்தது. 'கம்பளிக் கலவை' என்று பெரிதாகப் போட்டுவிட்டு உள்ளே 20 சதவீதம் மட்டும் இருந்தால், அது கம்பளி வாசனை காட்டிய பாலியெஸ்டர். பட்டையை வெட்டி எறிந்திருந்தால், வாங்கிய பிறகு வீட்டில் உள்தையல் ஓரத்துத் துணியிலிருந்து (தைத்த நூல் அல்ல) ஒரு நூலை உருவித் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே பிடித்துக் கொளுத்திப் பார்க்கலாம். கம்பளி முடி கருகும் நாற்றம் அடித்துத் தானே அணையும், பருத்தி காகிதம்போல் எரியும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டி முத்தாகும். கடைக்குள் தீக்குச்சி உரசிவிடாதே.

அடுத்தது வெளிச்சம். துணியை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடி. முழங்கை, அக்குள், பேண்ட்டில் உட்காரும் இடம் ஆகியவற்றில் நூல் தேய்ந்து சல்லடையாகியிருந்தால் தெரிந்துவிடும். குண்டூசி அளவு ஓட்டைகள் ஆங்காங்கே இருந்தால் அந்துப் பூச்சி. காலரைத் தூக்கி அடியிலும் பார், அதற்கு இருட்டுதான் பிடிக்கும். அதன்பின் கை விளிம்பு, பாக்கெட் முனை, ஜிப். ஜிப்பை இரண்டு முறை ஏற்றி இறக்கு. ஜிப் மாற்றும் கூலியில் இன்னொரு கோட்டு வாங்கிவிடலாம்.

கட்டம் போட்ட துணி என்றால் பக்கத் தையலில் இரண்டு பக்கத்துக் கோடுகளும் சேர்கின்றனவா என்று பார். சேர்த்துத் தைத்தால் துணி கூடுதலாகச் செலவாகும். அந்தச் செலவுக்கு ஒப்புக்கொண்டவன் வேறு எதிலும் பெரிதாகக் கஞ்சத்தனம் செய்திருக்க மாட்டான்.

டீ-சர்ட்டுக்குத் தனிக் கணக்கு. இரண்டு தோளையும் பிடித்துத் தொங்கவிடு. பக்கத் தையல் நேராக இறங்காமல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்தால் வைத்துவிடு. நூலின் முறுக்கமும் துணியைப் பக்குவப்படுத்தாத அவசரமும் சேர்ந்து செய்த கோளாறு அது, எந்தச் சலவையாலும் நிமிராது. கழுத்து ரிப்பை, அதாவது இழுபடும் கழுத்துப் பட்டியை, இழுத்து விடு. துள்ளித் திரும்ப வேண்டும். 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு) துணியின் கனம் கைக்குப் பழகிவிட்டால், 140-ஐத் தொட்டதும் விட்டுவிடுவாய். நாங்கள் திருப்பூர் காதர்பேட்டையில் செகண்ட்ஸ், அதாவது குறையுள்ள உருப்படிகள், பொறுக்கிய கண் இது, கடல் கடந்தும் கெடவில்லை.

கணக்கன் | செப்டம்பர் 29

எல்லாம் சரி. ஆனால் மலிவுச் சங்கிலிக் கடைகளில் 6 பவுண்டுக்குப் புதுச் சட்டையே கிடைக்கும்போது, அதே கடையின் பழைய சட்டை சாரிட்டியில் 5 பவுண்டுக்குத் தொங்குகிறதே! ஒரு பவுண்டை மிச்சப்படுத்த யாரோ ஒருவரின் வியர்வையைச் சுமப்பதா? இன்னொன்றும் கேட்கிறேன். இது ஏழைகளுக்கான கடை. படிப்புக்கு லட்சக்கணக்கில் கட்டிவிட்டு வந்தவர்கள் அங்கே போய் நல்லதைப் பொறுக்குவது நியாயமா?

வடமராட்சிக்காரி | செப்டம்பர் 29

கணக்கன் தம்பி, முதல் பாதியில் உங்கள் பக்கம்தான். அந்த 5 பவுண்டுச் சட்டையைத் தொங்கவிடும்போது எனக்கே கூசும். புதிதாக 6 பவுண்டு விற்றது நாலு சலவைக்குப் பிறகு 2 பவுண்டுகூடப் பெறாது. அதை யாரும் வாங்க வேண்டாம்.

இரண்டாவது பாதி தவறு. இவை ஏழைகளுக்கு உடுப்புக் கொடுக்கும் கடைகள் அல்ல. பணம் திரட்டும் கடைகள். ஆக்ஸ்ஃபாம் 1940-களின் இறுதியில் ஆக்ஸ்ஃபோர்டின் பிராட் வீதியில் முதல் கடையைத் திறந்தது முதல் கதை அதுதான். இன்று நாடு முழுவதும் இப்படி 10,000 கடைகளுக்கு மேல் உள்ளன. ஒன்று புற்றுநோய் ஆராய்ச்சிக்கு, ஒன்று இதய நோய்க்கு, ஒன்று இறுதிக்கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் விடுதிக்கு. இலவசமாக வந்த பொருள், விற்பனை வரி கிடையாது, கட்டட வரியில் 80 சதவீதம் தள்ளுபடி, நிற்பவர்களில் பாதிக்கு மேல் என்னைப் போன்ற சம்பளமில்லாதவர்கள். மலிவு இப்படித்தான் வருகிறது. நீங்கள் வாங்காவிட்டால் அந்தக் கோட்டு ஏழையிடம் போகாது, மூட்டைக்குள் போகும். மூட்டையில் ஒரு பங்கு கப்பலேறி கானாவின் அக்ராவில் கன்டாமான்டோ சந்தைக்குப் போகிறது. அங்கே இவற்றுக்கு 'ஒப்ரோனி வாவு' என்று பெயர். செத்த வெள்ளைக்காரனின் உடுப்பு என்று பொருள். முத்துநகரின் அம்மா தூத்துக்குடியில் இருந்துகொண்டு அக்ராக்காரர் சொல்வதையே சொல்கிறார் பாருங்கள்.

விலை ஏறிவிட்டது என்ற குறை வேறு. அது உண்மை. மேலாளர்கள் இப்போது கோட்டைக் கையில் எடுத்ததும் பழைய துணி விற்கும் வின்டெட் செயலியில் என்ன விலை என்று போனில் தட்டிப் பார்க்கிறார்கள். பெயருள்ள கம்பெனி என்றால் அதற்கேற்ப அட்டை மாறும். ஆனால் தட்டிப் பார்ப்பது பெயரை, துணியை அல்ல. பெயர் தெரியாத நல்ல துணி இன்னும் பழைய விலையில்தான் தொங்குகிறது. போன மாதம் ஹாரோவில் ஒரு காஞ்சிப் பட்டுப் புடவைக்கு 'திரைச்சீலைத் துணி' என்று எழுதி 6 பவுண்டு போட்டிருந்தார்கள். வெளியே தொங்கவிடும் முன் நாங்கள் எதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. தொங்கவிட்டு, திரும்பி வந்து, வரிசையில் நின்று வாங்கினேன்.

முத்துநகர் | அக்டோபர் 6

நன்றி அக்கா, அண்ணா. அடிபட்டுத் திரும்பியிருக்கிறேன். கோட்டுக்கு முன் மழைக்கு ஏதாவது வேண்டுமென்று ஒரு கடையில் 9 பவுண்டுக்கு மலையேறுபவர்கள் போடும் ஜாக்கெட் வாங்கினேன். வெளியே புதுசுபோலப் பளபளத்தது. அண்ணா சொன்னபடி ஜிப், கை விளிம்பு எல்லாம் பார்த்தேன். வீட்டில் போட்டுக் கழற்றினால் உள்ளே போட்டிருந்த கறுப்புச் சட்டை முழுவதும் வெள்ளைச் செதில், முருங்கைமரப் பட்டை உரிந்ததுபோல. திருப்பிக் கொண்டுபோனால், விற்றது விற்றதுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

செக்கிங் மேசை | அக்டோபர் 6

அது நான் சொல்லாமல் விட்டது. என் தவறு. பனியன்காரனுக்கு மழைச்சட்டை நினைவுக்கு வரவில்லை.

நீர் புகாத ஜாக்கெட்டுகள் பலவற்றின் உள்பக்கம் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். உடுத்தாமல் அலமாரியில் தூங்கினாலும் காற்றிலுள்ள ஈரம் அதை மெல்லத் தின்றுவிடும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு உதிரும். வாங்கும் முன் உள்பக்கத்தைப் பிரித்து, தோளிலும் முதுகிலும் கட்டை விரலால் அழுத்தித் தேய். ஒட்டினாலோ பொடி வந்தாலோ நகர்ந்துவிடு. தையல்களின் மேல் ஒட்டிய நாடாக்களின் ஓரம் தூக்கியிருக்கிறதா என்றும் பார்.

இதே நோய் காலணிக்கும் உண்டு. பெட்டியோடு, அழுக்கே படாமல், பத்து வருடம் பரணில் கிடந்த நடைக் காலணி கண்ணைப் பறிக்கும். இரண்டாவது மைலில் அடிப்பாகம் அதிரசம்போல் உதிரும். காலணியில் மட்டும், உடுத்தித் தேய்ந்ததை நம்பு, உடுத்தாத பழசை நம்பாதே.

வடமராட்சிக்காரி | அக்டோபர் 6

சப்பாத்து விஷயத்தில் முழு உடன்பாடு. என் மகனுக்கு அப்படி ஒன்று வாங்கி, லேக் மாவட்டத்தில் மலைப் பாதை நடுவே வெறும் மேல்தோலோடு நின்றான்.

டூஸ்பரி வாசி | அக்டோபர் 7

ஓரமாக ஒரு கதை. லீட்ஸிலிருந்து ரயிலில் பதினைந்து நிமிடத்தில் வரும் எங்கள் டூஸ்பரியும் பக்கத்து பாட்லியும்தான் பழைய கம்பளித் துணிக்கு உலகத் தலைநகரமாக இருந்தவை. 1813 வாக்கில் பாட்லியில் பெஞ்சமின் லா என்பவர் பழைய கம்பளிக் கந்தலைக் கிழித்து, நாராக்கி, புதுக் கம்பளியோடு சேர்த்து மறுபடி நூற்றார். அந்தத் துணிக்கு 'ஷாடி' என்று பெயர். ஐரோப்பா முழுவதிலுமிருந்து கந்தல் மூட்டைகள் இங்கே வந்து இறங்கின. பிறகு ஆங்கிலத்தில் அந்தச் சொல்லே மட்டமான வேலைக்குப் பெயராகிவிட்டது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதில் இன்னும் வருத்தம்.

அந்தத் தொழில் இன்று பானிப்பட்டில் நடக்கிறது. குளிர் நாடுகளில் கழித்த கம்பளித் துணிகளை வெட்டிக் கட்டி அங்கே இறக்குகிறார்கள். பொத்தானும் ஜிப்பும் நீக்கி, நிறவாரியாகப் பிரித்து, கிழித்து, போர்வையாக்குகிறார்கள். வெள்ளம், நிலநடுக்கம் வந்தால் உதவி நிறுவனங்கள் கொடுக்கும் சாம்பல் நிறப் போர்வை பல இடங்களில் அதுதான். முத்துநகர், உங்கள் அம்மா ரயிலில் போர்த்திய போர்வைக்குள்ளும் எந்த ஊர்த் தாத்தாவின் கோட்டு இருந்ததோ!

கணக்கன் | அக்டோபர் 7

இது கதையாக இருந்தாலும் ரசித்தேன். கோட்டு இன்னும் வரவில்லை என்பதையும் நினைவூட்டுகிறேன். 40-இல் 9 போய்விட்டது. மீதி 31.

இல்க்லி வரை | அக்டோபர் 8

லீட்ஸில் ஆறு வருடமாக இருக்கும் நெல்லைக்காரி. தம்பி, ஹெடிங்லியில் மாணவர்கள்தான் கொடுக்கிறார்கள், மாணவர்கள்தான் வாங்குகிறார்கள். அங்கே ஜூன் கடைசியில் போக வேண்டும். அறையைக் காலி செய்யும்போது இரண்டு முறை உடுத்திய துணியை எல்லாம் மூட்டை மூட்டையாகப் போட்டுவிட்டுப் போவார்கள். கோட்டுக்கு அது இடமல்ல. காசுள்ள, வயதானவர்கள் வாழும் ஊர்களுக்குப் போ. இல்க்லி ரயிலில் அரை மணி, ஹாரகேட் இன்னும் கொஞ்சம் தள்ளி. ரயில் கட்டணத்தையும் கோட்டு விலையில் கூட்டிக்கொள். கணக்கன் அண்ணா கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

போகும் முன் இஞ்ச் டேப் ஒன்று வாங்கு. உனக்குச் சரியாக இருக்கும் சட்டையைத் தரையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள் வரை, தோளிலிருந்து தோள் வரை அளந்து போனில் எழுதிக்கொள். கோட்டுக்கு இரண்டு அங்குலம் கூடுதல் வேண்டும், உள்ளே ஸ்வெட்டர் போட வேண்டுமே. ஆண்கள் கோட்டில் 38 ஆர் என்றிருந்தால் மார்பளவு 38 அங்குலம், சராசரி உயரம். ஆரின் இடத்தில் எஸ் இருந்தால் குட்டையானவருக்கு, எல் இருந்தால் நெட்டையானவருக்கு. ஐரோப்பிய அளவு 48 என்றிருந்தால் பத்தைக் கழித்துக்கொள். கை நீளத்தையும் கீழ் நீளத்தையும் குறைத்துத் தைக்கலாம், உள்துணி கிழிந்திருந்தால் மாற்றலாம். தோள் பொருந்தாவிட்டால் எந்தத் தையல்காரராலும் முடியாது, வைத்துவிடு.

பெண்களுக்கும் ஒரு சொல்: பழைய கோட்டில் 14 என்றிருப்பதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். முப்பது நாற்பது வருடத்தில் அளவு எண்கள் இளகிவிட்டன. அன்றைய 14 இன்றைய 10-க்குப் பக்கம் வரும். போட்டுப் பார்ப்பதுதான் ஒரே வழி.

கழுத்துப் பட்டையில் 'செயின்ட் மைக்கேல்' என்றிருந்தால் நின்று பார். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 2000 வரை வைத்திருந்த பெயர் அது. அப்படியென்றால் அந்தத் துணிக்கு இருபத்தைந்து வயதாவது இருக்கும், இன்னும் உருக்குலையாமல் தொங்குகிறது என்பதே சான்றிதழ். உருண்டையின் மேல் சிலுவை போட்ட முத்திரையோடு ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித் துணி கிடைத்தால் சொல்லவே வேண்டாம். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் வீட்டுத் தறியில் நெய்தால்தான் அந்தப் பெயரைப் போடலாம் என்று 1993-இல் சட்டமே இருக்கிறது. ஆரம்பத்தில் கழுத்தில் குத்தும். பழகிவிடும்.

முத்துநகர் | அக்டோபர் 19

கோட்டு வந்துவிட்டது!

சனிக்கிழமை இல்க்லி போனேன். நாலு கடை. கையை விட்டுத் தடவிக்கொண்டே போனபோது மூன்றாவது கடையில் விரல் நின்றது. கருநீலம், 38 ஆர், கம்பளி 80 நைலான் 20, செயின்ட் மைக்கேல். முழங்கை வெளிச்சத்துக்குத் தாங்கியது, காலரடி சுத்தம், இடது பாக்கெட்டின் உள்துணியில் மட்டும் விரல் நுழையும் ஓட்டை. 18 பவுண்டு. கல்லாவில் நின்ற பாட்டியிடம் அக்கா சொன்னபடி பேச்சுக் கொடுத்தேன். எந்தக் கிழமை புதுத்துணி போடுவார்கள் என்பதோடு அவருடைய பேரனின் விவாகரத்து வரை தெரிந்துகொண்டேன்.

ஒரு சிக்கல். அந்துருண்டை நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. முட்டை ஏதும் இருக்குமோ என்ற பயமும் இருக்கிறது. அம்மா வேறு வீடியோவில் பார்த்துவிட்டு "எங்கே வாங்கினாய்?" என்றார். "இல்க்லியில்" என்றேன். அது ஏதோ கம்பெனி என்று நினைத்து விட்டுவிட்டார்.

செக்கிங் மேசை | அக்டோபர் 19

பாஸ்.

வடமராட்சிக்காரி | அக்டோபர் 19

அந்துருண்டை நாற்றம் நல்ல சகுனம் தம்பி, யாரோ அக்கறையாக வைத்திருந்திருக்கிறார்கள். காற்றாட வெளியே தொங்கவிடு. வெயில் என்று சொல்ல வந்தேன், நீ இருப்பது லீட்ஸ். ஒரு வாரம் பிடிக்கும். மடிப்பு, தையல் எல்லாவற்றிலும் நல்ல பிரஷ்ஷால் அழுத்தித் துலக்கு. முட்டை அதிலேயே உதிரும். முழு நிச்சயம் வேண்டுமென்றால் பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வை. அருங்காட்சியகங்களில்கூட இப்படிச் செய்கிறார்கள். மெஷினில் மட்டும் போட்டுவிடாதே. உன் கோட்டு அடுத்த வீட்டுக் குழந்தைக்குச் சரியாகிவிடும்.

முத்துநகர் | அக்டோபர் 19

உறைபெட்டி ஆறு பேருக்குப் பொது அக்கா. எனக்கு ஒதுக்கிய பாதித் தட்டில் பரோட்டா இருக்கிறது.

கணக்கன் | அக்டோபர் 20

டிரை கிளீனிங் கொடுத்தால் பூச்சி, முட்டை இரண்டும் போகும். ஆனால் கோட்டுக்கான விலையில் பெரும்பங்கைக் கேட்பார்கள். 31-இல் 18 போனால் 13, ரயில் போக மிச்சம் எவ்வளவு என்று தெரியவில்லை. பரோட்டாவைச் சாப்பிட்டுத் தட்டைக் காலி செய்வதே சிக்கனம்.

முத்துநகர் | நவம்பர் 4

பரோட்டா தீர்ந்தது, இரண்டு வாரமும் முடிந்தது. இன்று காலை முதல் முறையாகப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனேன். பஸ் நிறுத்தத்தில் பல் தந்தி அடிக்கவில்லை. ஏறும்போது கூட்டத்தில் யாருடைய பையிலோ சிக்கி மூன்றாவது பொத்தான் தெறித்துவிட்டது. இருக்கைக்கு அடியில் எல்லாம் தேடிவிட்டேன். அதே கறுப்புக் கொம்புப் பொத்தான் எங்கே கிடைக்கும்?

வடமராட்சிக்காரி | நவம்பர் 4

வாங்காதே. கோட்டைப் பிரித்து, உள்துணியில் இடது பக்கத் தையல் வழியே கையை இறக்கு. சதவீதம் எழுதிய அந்த வெள்ளைப் பட்டை இருக்கிறதல்லவா, அதன் பின்பக்கம் பார்.

முத்துநகர் | நவம்பர் 4

இருக்கிறது அக்கா! இருபத்தைந்து வருடமாக ஒருவரும் தொடவில்லை, நூல்கூட அறவில்லை. ஊசி இருக்கிறதா என்று இப்போது விடுதியில் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.